நீரோடிக் கரையிலிருந்து மார் டெல் பிளாட்டா பள்ளத்தாக்குக்கு: ஆழ்கடல் தேடலில் தொலைப்பங்கேற்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 10 வரை ‘ஃபால்கோர் (டூ)’ என்ற ஆய்வுக் கப்பல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகருக்கு அப்பால், கரையிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி நின்றது. ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிடியூட்டின் கப்பல் அது. அதில் இருந்தவர்கள் அர்ஜென்டினாவின் தேசிய அறிவியல் அமைப்பான கோனிசெட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள். கப்பலுக்குக் கீழே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கிட்டத்தட்ட 3,900 மீட்டர் வரை இறங்குகிறது. ‘சுபாஸ்டியன்’ என்ற ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தி அதற்குள் போய்வந்தது. ஊர்தியின் கேமரா கண்டதையெல்லாம் உலகமே அந்தந்த நொடியில் யூடியூபில் பார்த்தது. ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். பிட்டம் பெருத்தது போல இருந்த ஒரு நட்சத்திரமீன் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு பேச்சானது.

அதே நாட்களில் குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரளத்தின் பொழியூருக்கு ஒட்டிய கரையில் ஒரு வாசகசாலையில் நாங்கள் அந்த ஒளிபரப்பைச் சுவரில் ஓட்டினோம். நான் அருகிலுள்ள பள்ளியில் அறிவியல் ஆசிரியன். தூரத்திலிருந்தபடி ஆழ்கடல் தேடலில் ‘பங்கெடுப்பது’ என்றால் என்ன, எது வரைக்கும் அது வெறும் பார்வை, எந்த இடத்தில் பங்கேற்பாகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

ஏன் இந்தக் கரை?

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டந்துறை, நீரோடி என்று வரிசையாகக் கிடக்கும் ஊர்களின் ஆண்கள் ஆழ்கடல் தங்கல் தொழில் செய்பவர்கள். படகு நிற்பது தேங்காய்ப்பட்டணத்தில், கொச்சித் தோப்பும்படியில், முனம்பத்தில், இன்னும் வடக்கே. போகிற இடமோ லட்சத்தீவுக்கும் அப்பால். சுறாவுக்கும் சூரைக்கும் ஆயிரங்கால் தூண்டில் போட்டு வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். இந்தியாவில் ஆழமான கடலடியோடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு வைத்திருக்கும் மனிதர்களைத் தேடினால், முதலில் வந்து சேர வேண்டிய கரைகளில் இது ஒன்று. ஆனால் அந்தத் தொடர்பு முழுவதும் கயிற்றின் வழியாக வந்தது. ஈயக்குண்டு தரையைத் தொடும்போது கைக்கு வரும் உணர்வில் சேறா மணலா கல்லா என்று சொல்வார்கள். தூண்டிலில் சிக்கி வரும் செடியையும் ஒடிந்த பவளத்தையும் வைத்துப் பாரின், அதாவது கடலடிப் பாறைத் திட்டின், முகத்தைக் கணிப்பார்கள். கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை.

கண்ணால் கண்ட கணக்கு உலக அளவிலேயே மிகச் சிறியது. 2025 மே மாதம் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, 1958 முதல் நடந்த ஏறக்குறைய 44,000 ஆழ்கடல் இறக்கங்களைத் தொகுத்துப் பார்த்தது. ஆழ்கடல் தரையில் மனிதக் கண்ணோ கேமராவோ பார்த்தது 0.001 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது அதன் மதிப்பீடு. அந்த இறக்கங்களில் 97 விழுக்காட்டை அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி என்ற ஐந்து நாடுகளே நடத்தியிருக்கின்றன. இந்தியப் பெருங்கடலைச் சுற்றி வாழும் எங்களுக்கு இந்த எண்கள் வலிக்க வேண்டும்.

தடைக்காலம் தந்த வாய்ப்பு

மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31 நள்ளிரவோடு முடிகிறது. அர்ஜென்டினா இறக்கங்கள் தொடங்கியபோது எங்கள் ஊரில் ஆண்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். தடைக்காலம் தவிர வேறு எந்த மாதத்தில் இதைச் செய்திருந்தாலும் நாற்காலிகளில் மாணவர்களும் முதியவர்களும் மட்டுமே இருந்திருப்பார்கள். நேரமும் ஒத்துவந்தது. அர்ஜென்டினா நம்மைவிட எட்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை ஒன்பது மணிக்குக் கேமரா ஓடினால் இங்கே மாலை ஐந்தரை. செபமாலை முடிந்து ஆட்கள் வந்து உட்கார்ந்தால் கடலடி தெரியும்.

தமிழில் யாரும் விளக்கவில்லை, கப்பலில் பேசியது ஸ்பானிஷ். விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி, பேச்சுக்கு நடுவே வரும் லத்தீன் பெயர்களைப் பிடித்து எழுதிக்கொண்டாள். மற்றவை படத்திலிருந்தே வந்தன. மூத்தவர்களுக்கு மீட்டர் பிடிபடவில்லை. அவர்களுக்கு ஆழம் என்றால் பாகம். ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். அதனால் திரையில் ஆழ எண் மாறும்போதெல்லாம் ஒரு பையன் பலகையில் பாகத்தில் எழுதினான். ஆயிரம் மீட்டர் என்றால் 550 பாகம். பள்ளத்தாக்கின் அடி 2,100 பாகத்தைத் தாண்டியது. அந்த எண்ணை எழுதியதும் அறையில் எழுந்த முனகல், எந்த விளக்கவுரையும் தந்திருக்க முடியாத புரிதல்.

அன்றைய உரையாடல்களில் ஒன்றை முழுதாகத் தருகிறேன், ஏனென்றால் ஆய்வின் மையம் இதில்தான் இருக்கிறது. பாறைச் சரிவொன்றில் கடல் விசிறிகள் தெரிந்தன. நாற்பது ஆண்டுகள் தூண்டில் தொழில் செய்து ஓய்ந்த ஒரு பெரியவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

“நீரோட்டம் குறுக்காலே வருது சாரே. அந்த விசிறியப் பாத்தியளா, ஓட்டத்துக்கு மாரைக் காட்டிட்டு நிக்குது.”

“எப்படிப் பாட்டா சொல்லுதிய? தண்ணி ஓடுறது படத்துல தெரியலியே,” என்றான் பலகைப் பையன்.

“தெரியாண்டாம் மக்ளே. இந்தச் செடி கொளுத்துல மாட்டி எத்தனையோ வாட்டி வந்திருக்கு. ஓட்டம் இல்லாத எடத்துல இது கெடைக்காது. இது நிக்குற கல்லுல மீனும் நிக்கும்.”

கடல் விசிறி என்பது செடியல்ல, பவள இனத்து உயிர்க்கூட்டம். நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்பதால், ஓட்டத்துக்குக் குறுக்கே தன்னை விரித்து வளர்கிறது. கடல் உயிரியல் பாடநூல் சொல்வதும் இதையேதான். பெரியவர் அதைக் கொக்கியின் நுனியிலிருந்து படித்திருக்கிறார்.

எல்லாக் கணிப்பும் சரியாக அமையவில்லை. செந்நிறத்தில் நீரில் மிதந்து எழும்பிய ஒரு உயிரைப் பார்த்ததும் பலர் ‘கணவா’ என்றார்கள். அது நீந்தும் கடல் அட்டை. கரைக்கடலில் கடல் அட்டை தரையோடு கிடப்பதைத்தான் இவர்கள் அறிவார்கள், ஆழத்தில் அது எழும்பி நீந்தும் என்பது முற்றிலும் புதிது. உருவ அளவிலும் எல்லாரும் முதலில் ஏமாந்தோம். திரையில் ஆள் உயரம் போலத் தோன்றியது உண்மையில் ஒரு சாண் இருந்தது. இத்தகைய ஊர்திகள் இரண்டு லேசர் புள்ளிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் பொருளின் மேல் விழச் செய்கின்றன, பலவற்றில் அந்த இடைவெளி 10 சென்டிமீட்டர். புள்ளிகளைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு அளவுக் கணிப்பில் மூத்தவர்கள் மாணவர்களை முந்தினார்கள்.

ஆகஸ்ட் பிறந்ததும் ஆண்கள் கொச்சிக்கு வண்டி ஏறினார்கள். மீதி மாலைகளில் பெண்கள் அதிகம் வந்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் இந்த ஊர்களில் வெறுமையாக்கிய வீடுகள் பல, அந்த வீட்டுப் பெண்களும் வந்தார்கள். வெளிச்சம் எவ்வளவு ஆழம் வரை போகும் என்று ஒருவர் கேட்டார். 200 மீட்டருக்குக் கீழே மங்கிவிடும், 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் கிடையாது, நாம் பார்ப்பது ஊர்தியின் விளக்கு என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கடைசி இறக்கம் வரை வந்தார். அந்த இருப்பை நான் ‘பார்வையாளர் எண்ணிக்கை’ என்ற கட்டத்துக்குள் போட மாட்டேன்.

படம் எப்படி வருகிறது, குரல் எப்படித் திரும்புகிறது

கடல்நீரில் ரேடியோ அலை சில மீட்டருக்கு மேல் உருப்படியாகப் போகாது. ஒலி போகும், ஆனால் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில்தான். 6,000 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு சொல் மேலே வர நான்கு நொடி. அந்த வழியில் நல்ல வீடியோவை உடனுக்குடன் அனுப்ப முடியாது. நேரடிப் படம் வேண்டுமென்றால் ஊர்தியையும் கப்பலையும் இணைக்கும் கேபிளும் அதற்குள் கண்ணாடி இழையும் வேண்டும். கப்பலிலிருந்து செயற்கைக்கோள் வழியே தரைக்கு, தரையிலிருந்து இணையத்துக்கு. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். படத்தைச் சுருக்கி விரிப்பதில் இன்னும் சில நொடி போகும். பேச்சுக்கு இது பெரிய தடையல்ல.

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா இயக்கும் ‘ஒக்கியானோஸ் எக்ஸ்ப்ளோரர்’ கப்பல் இந்த முறைக்காகவே அமைக்கப்பட்டது. கப்பலில் ஒரு சில ஆய்வாளர்களே இருப்பார்கள். மற்றவர்கள் தங்கள் ஊரிலிருந்து தொலைபேசி இணைப்பிலும் அரட்டை அறையிலும் சேர்ந்து, இடப்பக்கம் திருப்பு, அந்தப் பாறையை நெருங்கு என்று சொல்வார்கள். ஊர்தி ஓட்டுநர் கேட்டு நிற்பார். 2016 பிப்ரவரியில் ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் நெக்கர் தீவுக்கு அருகே, 4,290 மீட்டர் ஆழத்தில், வெளிறிய சிறு ஆக்டோபஸ் ஒன்றை அதன் ஊர்தி கண்டது. அது இதுவரை விவரிக்கப்படாத இனம் என்று கணித்துச் சொன்னவர் கரையிலிருந்த விலங்கியலாளர்.

நமக்கு இன்னும் நெருக்கமான முன்னுதாரணம் 2010-இல் அதே கப்பல் இந்தோனேசியாவோடு சேர்ந்து நடத்திய பயணம். சுலவேசிக்கு வடக்கே சங்கிஹே, தலாவுத் தீவுகளின் கடலில் அது ஊர்தியை இறக்கியது. ஜகார்த்தாவில் ஒரு கட்டளை மையம், சியாட்டிலில் இன்னொன்று. இரு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே இணைப்பில் பேசினார்கள். கவியோ பாராத் என்ற கடலடி எரிமலையை அப்படித்தான் சேர்ந்து பார்த்தார்கள். தங்கள் கடலின் தரையைப் பற்றி இந்தோனேசியர்கள் தங்கள் தலைநகரிலிருந்தே முடிவெடுத்த நாட்கள் அவை. விருந்தினர் கப்பல், வீட்டுக்காரர் குரல்.

ஆய்வாளர் அல்லாதவருக்கு? அதற்கும் சான்று இருக்கிறது. 2013 ஜனவரியில், உக்ரைனின் தொனெத்ஸ்க் நகரச் சிறுவன் ஒருவன், கனடாவின் வான்கூவர் தீவுக்கு அப்பால் பார்க்லி பள்ளத்தாக்கில் 894 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்ட கேமராவின் படங்களை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். விலாங்கு போன்ற ஒரு ஹேக்மீனை மூக்கும் மீசையும் உள்ள ஏதோ ஒன்று உறிஞ்சி விழுங்கியதைக் கண்டு ஆய்வாளர்களுக்கு எழுதினான். பார்த்தால், அது ஒரு பெண் யானைக் கடல்நாய். அவ்வளவு ஆழத்தில் அது உண்பதைப் படம் காட்டியது. அந்தச் சிறுவனிடம் பட்டமும் இல்லை, கப்பலும் இல்லை. எழுதுவதற்கு ஒரு முகவரியும், அதைப் படிக்க ஒரு மனிதரும் இருந்தார்கள்.

எங்கள் வாசகசாலையில் இல்லாதது அந்த ஒன்றுதான். பெரியவர் விசிறியைக் காட்டிச் சொன்னது அறைக்குள்ளேயே நின்றது. பல்லாயிரம் பேர் எழுதும் பொது அரட்டையில் ஒரு வரி நிலைக்காது, அதுவும் தமிழில். படம் எங்களை வந்தடைந்தது, எங்கள் சொல் எங்கும் போய்ச் சேரவில்லை. ஆகவே என் மதிப்பீடு இது: அந்த மாலைகள் மிகச் சிறந்த கல்வி, ஆனால் பங்கேற்பு அல்ல.

பாதி வழியில் நின்ற இடத்திலிருந்து நாங்கள் செய்துகொண்டது ஒரு நோட்டு. திரையில் தெரியும் நேரம், ஆழம், என்ன தெரிந்தது, யார் என்ன சொன்னார்கள், பிறகு சரிபார்த்ததில் என்ன தெரியவந்தது என்று ஐந்து பத்திகள். ஒளிபரப்பு யூடியூபில் சேமிப்பில் இருப்பதால் எந்தக் குறிப்பையும் மறுபடி படத்தோடு ஒப்பிட முடிந்தது. வேறு பயணங்களின் பழைய பதிவுகளையும் பார்த்தோம். ஆழ்கடல் சுறா ஒன்று தரையை ஒட்டி மெதுவாக நீந்தும் காட்சியை மூத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். ஈரல் எண்ணெய்க்காகக் கொச்சிப் படகுகள் ஆழத்திலிருந்து தூக்கிய பச்சைக் கண் சுறாக்களை இவர்கள் கையால் தொட்டவர்கள். அவை உயிரோடு அசைவதை இப்போதுதான் பார்த்தார்கள். மெதுவாக வளர்ந்து குறைவாகக் குட்டி போடும் அந்த இனங்கள் எவ்வளவு சீக்கிரம் குறைந்துபோகும் என்ற பேச்சு, நான் தொடங்காமலே அங்கு தொடங்கியது.

மாணவர்களுக்குத் திரும்பிப் பேசும் வழிகள் சில ஏற்கெனவே உண்டு. அமெரிக்காவின் கடல் ஆய்வு நிறுவனமான எம்பாரி 2024-இல் வெளியிட்ட ‘ஃபாதம்வெர்ஸ்’ என்ற கைபேசி விளையாட்டில் ஆழ்கடல் உயிர்களை இனம்பிரித்தால், அந்தப் பதில்கள் கணினிக்குப் பயிற்சி தரும் தரவில் சேர்கின்றன. பிரான்சின் கடல் ஆய்வு நிறுவனமான இஃப்ரமேர் நடத்தும் ‘டீப் சீ ஸ்பை’யில் கடலடிக் கேமராப் படங்களில் உயிர்களை எண்ணிக் குறிக்கலாம். எங்கள் பிள்ளைகள் இரண்டையும் செய்கிறார்கள். ஆனால் இவை தூத்தூர்க்காரருக்கும் டோக்கியோக்காரருக்கும் ஒரே வேலையைத் தருபவை. ஒரு கடற்கரையின் தனி அறிவுக்கு அங்கே இடம் இல்லை.

நம் கப்பல்கள் இறங்கும்போது

இந்தியாவின் ஆழ்கடல் திட்டத்துக்கு 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது, மதிப்பு 4,077 கோடி ரூபாய். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அதன் தூண். மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோகும் ‘மத்ஸ்யா 6000’ 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீர்ச்சோதனை கண்டது. 2024 டிசம்பரில் அதே கழகமும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிநீர் ஊற்று ஒன்றைப் படம்பிடித்தன. அந்தச் செய்தியை வகுப்பில் சொன்னபோது எனக்குக் குரல் தழுதழுத்தது.

மத்ஸ்யாவும், அந்த ஊற்றைப் படம்பிடித்த தானியங்கி ஊர்தியும் கேபிள் இல்லாமல் இறங்குபவை. மேலே சொன்ன காரணத்தால் அவற்றிலிருந்து நேரடி வீடியோ வராது. மக்கள் பங்கேற்பு வேண்டுமென்றால் கேபிள் ஊர்திதான் வழி. அதுவும் நம்மிடம் இருக்கிறது: இந்தக் கழகத்தின் ‘ரோசப் 6000’ ஊர்தி 2010-இலேயே 5,289 மீட்டர் இறங்கிக் காட்டியது. கப்பல், கேபிள், செயற்கைக்கோள் மூன்றும் நாட்டில் உண்டு. கரை அறைகளும் தொலைவில் இல்லை. கொச்சியில் கடல்வாழ் உயிர்வளங்களுக்கான மத்திய மையம், விழிஞ்ஞத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவு. விழிஞ்ஞம் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்ப் பொழுது சாயும் முன் திரும்பும் தூரம். அரபிக்கடலில் ஒரு கேபிள் ஊர்தி இறங்கும்போது அங்கே ஓர் அறையில் தமிழும் மலையாளமும் புழங்க, மீனவர் நால்வர், ஆய்வாளர் இருவர், கப்பலோடு ஒரு குரல் இணைப்பு இருந்தால் போதும். கடலில் இருக்கும் படகுகளையும் சேர்க்க முடியும். இருவழிச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டத்தை அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. அபாய எச்சரிக்கைக்காக வந்த கருவி அது. அதே வழியில் ‘இந்தப் பாரில் இதைக் கண்டோம்’ என்ற வரியும் போகலாம்.

இதில் ஒரு முள் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மீனவருக்குப் பாரின் இடம் என்பது சோறு. தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்வது. கரையிலுள்ள மலையையும் கோயிலையும் நேர்வைத்துக் குறித்த இடங்கள், இன்று ஜி.பி.எஸ். கருவியில் பூட்டி வைத்த எண்கள். குமரிக்கு அப்பால் எண்ணெய், எரிவாயுத் தேடலுக்குக் கடல் வட்டாரங்கள் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து இந்த ஊர்களே தெருவில் இறங்கியவை. கடலடிப் படம் எடுக்கிறோம், இடம் காட்டுங்கள் என்று யாராவது வந்தால், யாருக்காக என்று அவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். வாசகசாலையில் இதைப் பேசியபோது இளைஞர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்: “எடம் கேக்காம வந்தா பேசலாம் சாரே. படத்தக் காட்டுங்க, பாத்ததச் சொல்லுதோம். ஜி.பி.எஸ். நம்பர மட்டும் கேக்காண்டாம்.”

அவர் சொன்னதை நிபந்தனைகளாக மாற்றி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். மீனவர் தரும் இடக்குறிப்பு பொது வரைபடத்தில் ஏறக்கூடாது. அவர் அடையாளம் சொன்ன உயிரின் பதிவில், அவர் சம்மதித்தால், அவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். தவறாகச் சொன்னதையும் தவறென்றே குறித்து வைக்க வேண்டும். பதிவு செய்த படம் ஊருக்குத் திரும்பி வர வேண்டும், விளக்கம் தமிழில். அடுத்த தடைக்காலம் ஜூன் 1-இல் தொடங்கும். அதற்கு முன் இந்தப் பக்கத்தையும், விசிறி, சுறா, கடல் அட்டை பற்றிய குறிப்புகளின் பிரதியையும் விழிஞ்ஞத்துக்கும் கொச்சிக்கும் பள்ளிக்கரணைக்கும் அனுப்புகிறோம். விழிஞ்ஞத்துக்கு நேரில் கொண்டுபோக விசிறிப் பெரியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.